மயிலாப்பூரா, சௌகார்பேட்டையா, திருவல்லிக்கேணியா? நண்பர்களோடு சாப்பிட்டுச் சுற்ற எந்த ஏரியா?

வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. ஒருத்தர் "சௌகார்பேட்டை" என்பார். "அங்க வண்டிய எங்கடா நிறுத்துவ?" என்று அடுத்தவர் கேட்பார். மூன்றாவது ஆள் மயிலாப்பூர் இட்லி படம் ஒன்றைப் போடுவார். நாலாவது ஆள் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுக் காணாமல் போவார். கடைசியில் எல்லோரும் ஏதோ ஒரு மாலின் மேல்மாடியில், டெல்லியிலும் கொச்சியிலும் கிடைக்கிற அதே பர்கரைத் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

கேட்பவர்கள் பெரும்பாலும் "எங்க நல்லா இருக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னையின் இந்த மூன்று பழைய பேட்டைகளிலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து கிளம்பும்போது முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். மத்தியானம் ஒரு மணிக்கு மயிலாப்பூரில் டிபன் தேடுவதும், அதே நேரத்தில் சௌகார்பேட்டையில் சாட் கடை தேடுவதும் வெயிலில் அலைவதற்குத்தான் ஆகும்.

## எதை வைத்து எடை போடுவது

நேரத்துக்கு அடுத்தது கால். தனியாகப் போனால் எங்கேயும் நின்றபடி சாப்பிட்டுவிடலாம். குழுவில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் கைக்குழந்தையோடு வருகிறார் என்றால் உட்கார இடம் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். கழிப்பறையும் இதில் சேர்த்திதான். தெருவோரச் சாப்பாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. மூன்று நான்கு மணி நேரம் வெளியே சுற்றும் தோழிகள்தான் இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். வழியில் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஓட்டல் ஒன்றையாவது கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, யார் என்ன சாப்பிடுவார்கள். சைவம், அசைவம் என்று இரண்டாகப் பிரித்தால் போதாது. முட்டை மட்டும் சாப்பிடுகிறவர், ஹலால் பார்க்கிறவர், வெங்காயம் பூண்டு தொடாதவர் என்று எல்லா நட்பு வட்டத்திலும் உண்டு.

நாலாவது கொஞ்சம் நுணுக்கமானது: பங்கு போட முடியுமா? நண்பர்களோடு சுற்றுவதன் லாபமே ஒரு பிளேட்டை நாலு பேர் தின்று, அதே வயிற்றில் ஆறு கடைக்கு இடம் பிடிப்பதுதான். ஜிலேபியைப் பிய்க்கலாம், பஜ்ஜியைப் பிரிக்கலாம். சாம்பாரில் மிதக்கும் இட்லியை என்ன செய்வது?

கடைசியாகப் பணம். தட்டின் விலை மூன்று பேட்டையிலும் நடுத்தரப் பையைக் கடிக்காது. ஆட்டோ, பார்க்கிங், தண்ணீர் பாட்டில், "வந்தது வந்தோம், வீட்டுக்கும் வாங்கிடலாம்" என்று சேரும் பொட்டலங்கள் ஆகியவைதான் கடிக்கும்.

| | மயிலாப்பூர் | சௌகார்பேட்டை | திருவல்லிக்கேணி | நம்ம ஏரியா (வீட்டுப் பக்கம்) |
|---|---|---|---|---|
| சரியான நேரம் | காலை, அல்லது பிற்பகல் டிபன் வேளை | மாலை விளக்கு வைத்த பிறகு | மதியமும் உண்டு, இரவும் உண்டு | எப்போதும் |
| உட்கார இடம் | உண்டு, கொஞ்சம் | அநேகமாக இல்லை | தாராளம் | கடையைப் பொறுத்து |
| அசைவம் | கோயிலைச் சுற்றித் தேடாதீர்கள் | இல்லை. பக்கத்து மண்ணடியில் உண்டு | உண்டு | உண்டு |
| பங்கு போட | பரவாயில்லை | பிரமாதம் | கஷ்டம் | கடைக்காரர் தெரிந்தவர் என்றால் எளிது |
| எப்படிப் போவது | பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் ரயில்), திருமயிலை | மெட்ரோ, உயர் நீதிமன்றம் | பறக்கும் ரயில், திருவல்லிக்கேணி | நடை |
| எத்தனை பேர் | 4 | 4 முதல் 6 | எத்தனை பேரும் | எத்தனை பேரும் |

## மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயிலையும் நாலு மாட வீதிகளையும் விட்டு அதிகம் விலகாமலே ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்பது மயிலாப்பூரின் பெரிய வசதி. அருண்டேல் தெருவின் சந்துக்குள் ராயர் மெஸ். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை, அதாவது ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகவே தட்டு நீட்டும் கடை. காலையில் இட்லி, பொங்கல். சாயங்காலம் பஜ்ஜி, போண்டா. கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். இடையில் தொண்டை காய்ந்தால் மாட வீதியிலேயே காளத்தி கடை ரோஸ்மில்க். பத்திரிகை விற்கும் கடையில் ரோஸ்மில்க் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இளஞ்சிவப்பாய்ச் சில்லென்று கையில் வந்துவிடுகிறது, போதும்.

சாப்பிடும் கடைகளுக்கு நடுவே சாப்பாட்டுச் சாமான் கடைகளும் இருப்பது இந்த ஏரியாவின் இன்னொரு பலம். அப்பளம், வடாம், ஊறுகாய், அப்போதே அரைத்துத் தரும் காபிப் பொடி எல்லாம் உண்டு. கச்சேரி சாலையில் நாட்டு மருந்துக்குப் பேர்போன டப்பா செட்டி கடை. தீபாவளி நெருங்கினால் லேகியத்துக்குக் கூட்டம் நிற்கும். சமைக்கத் தெரிந்த நண்பர் கூட வந்தால் இங்கே ஒரு மணி நேரம் தானாகப் போய்விடும். சமைக்காத நண்பர் வந்தால் அதே ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு. ராயர் மெஸ்ஸில் காலையில் சில மணி நேரம், பிற்பகலில் சில மணி நேரம்தான் இலை போடுவார்கள். இடம் சின்னது. முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. நாலு பேர் என்றால் ஒன்றாக உட்காரலாம். எட்டுப் பேர் போனால் இரண்டு பந்தியாகப் பிரிந்து, முதல் பாதி சந்தில் நின்று செல்போன் நோண்டிக்கொண்டு இரண்டாம் பாதிக்குக் காத்திருக்கும். காலை டிபனுக்கும் பிற்பகல் டிபனுக்கும் நடுவே பெரிய இடைவெளி வேறு. கோயிலும் உச்சி வேளையில் நடை சாத்திவிட்டு நாலு மணி வாக்கில்தான் திறக்கும். ஆக, நண்பகலில் இங்கே வருவது வீண். மெட்ரோ வேலைக்காகச் சாலைகளை அடைத்திருப்பதால் கார் எடுத்து வருவதும் வீண்.

யாருக்கு ஏற்றது: அப்பா அம்மாவையோ வெளியூர் விருந்தாளியையோ கூட்டி வருகிறவர்கள், சைவம் மட்டும் சாப்பிடும் குழு, அதிகாலையில் எழக்கூடிய அபூர்வப் பிறவிகள். மார்கழியில் வந்தால் சுற்றுவட்டாரத்துச் சபா கேன்டீன்களும் சேர்ந்துகொள்ளும். கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காமல் கேன்டீனுக்கு மட்டும் போகும் ரசிகர்கள் ஒரு தனிக் கூட்டம். பங்குனி அறுபத்துமூவர் விழா நாளில் மட்டும் வேறு கணக்கு. அன்று ஓட்டலே வேண்டாம். தெருவெல்லாம் மோரும் பானகமும் சாதமும் இலவசமாகவே கைக்கு வரும். நண்பர்கள் கூட்டத்தில் காணாமல் போவதும் அன்றுதான்.

## சௌகார்பேட்டை

பங்கு போட்டுச் சாப்பிட இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை என்பது என் கட்சி. தங்கசாலைத் தெருவும் அதன் கிளைச் சந்துகளும் மார்வாடிகளும் குஜராத்திகளும் தலைமுறைகளாக வாழும் இடம். பண்டங்கள் சின்னச் சின்னது, கடைகள் நெருக்கம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஐம்பது அடி.

முறுக்கு சாண்ட்விச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்ததுபோல் இருக்கும். உள்ளங்கை அகல முறுக்கு ஒன்று, அதன்மேல் பச்சைச் சட்னி, வட்டமாகச் சீவிய வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் மசாலாத் தூள், வேண்டுமென்றால் சீஸ் துருவல், மேலே இன்னொரு முறுக்கு. வாங்கிய ஒரு நிமிடத்துக்குள் வாயில் போட வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் சட்னி ஊறி முறுக்கு தளர்ந்துவிடும். கடிக்கும்போது அது எந்தப் பக்கம் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள்.

தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடை வாசலில் எப்போதும் கூட்டம். சுடச்சுட ஜிலேபி, ஆலு டிக்கி, பாதாம் பால். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரில் இருப்பது இட்லியும் ஊத்தப்பமும்தான். நெய்யும் பொடியும் போடும் அளவைப் பார்த்தால் டாக்டர் நண்பர் யாரும் கூட வராமல் இருப்பதே உத்தமம். வடா பாவ், பாவ் பாஜி, பானி பூரி, லஸ்ஸி என்று மிச்சத்தை நடந்தே கண்டுபிடிக்கலாம்.

வரிசை முக்கியம். ஜிலேபியில் தொடங்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். புளிப்பும் காரமுமான சாட் முதலில், பிறகு முறுக்கு சாண்ட்விச், பிறகு நெய் இட்லி ஒரு பிளேட்டை நாலாக்கி, இனிப்பு கடைசியில், பாதாம் பால் கிளம்பும்போது. ஆளுக்கொரு பிளேட் வாங்கினால் மூன்றாவது கடையில் எல்லோரும் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். அதுதான் இந்த ஏரியாவின் மறைமுகச் செலவு: நெய்யும் சர்க்கரையும் பர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால் வயிற்றை நிரப்பிவிடும்.

இன்னொன்று தெரு. ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் பை, முதுகுக்குப் பின்னால் ஹார்ன் அடிக்கும் ஸ்கூட்டர், முன்னால் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. உட்கார நாற்காலி தேடுவது நேர விரயம். கார் கொண்டு வரவே கூடாது. 2019 முதல் மெட்ரோ உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் வழியாக ஓடுகிறது; உயர் நீதிமன்றத்தில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே மேற்கே நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருப்பதால் நடக்க இடம் கிடைக்கும், ஆனால் சாப்பாட்டுக் கடைகளிலும் சில அன்று திறப்பதில்லை. வார நாள் மாலை என்றால் எல்லாம் திறந்திருக்கும், நெரிசலும் இருக்கும். நான் நெரிசலைத் தேர்ந்தெடுப்பேன்.

வெங்காயம் பூண்டு சேர்க்காத நண்பருக்கு மயிலாப்பூரைவிட இங்கேதான் நிம்மதி. ஜெயின் முறையில் கேட்டால் பல கடைகளில் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள்.

அசைவம் இல்லாமல் மாலையே இல்லை என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை ரயில் நிலையம் பக்கம் வந்தால் பர்மா பஜாரை ஒட்டி அத்தோ வண்டிகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு. வண்டிக்காரர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், நொறுக்கிய தட்டை எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும்.

"அண்ணா, ரெண்டு அத்தோ, ஒண்ணுல காரம் கம்மி."

"முட்ட போடட்டுமா தம்பி?"

போடச் சொல்லுங்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் புளிக்கரைசலும் திணித்துத் தருவதை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கையால் பிசைவதைப் பார்த்து முகம் மாறும் நண்பர் இருந்தால் அவரை முன்னாடியே ரயில் ஏற்றிவிடுங்கள்.

## திருவல்லிக்கேணி

மேன்ஷன் என்கிற வாடகை விடுதிகளில் தங்கிப் படித்த, வேலை தேடிய, கிரிக்கெட் பார்க்க வந்த பேச்சுலர்களுக்குச் சோறு போட்டு வளர்ந்த ஏரியா. அதனால் இங்கே கொறிப்பதைவிட உட்கார்ந்து முழுசாய்ச் சாப்பிடுவதுதான் வழக்கம்.

1948இல் தொடங்கிய ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி கேட்டால், இட்லியைத் தேட வேண்டிய அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். தீரத் தீர ஊற்றுவார்கள். முன்னே சொன்ன பங்குக் கணக்கு இங்கே செல்லாது. ஆளுக்கொரு தட்டுதான் மரியாதை. அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து மதியச் சாப்பாடு. சேப்பாக்கம் பக்கத்துச் சந்தில் நாயர் மெஸ், கேரளப் பாணிச் சோறு, மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல். மைதானத்தில் மேட்ச் இருக்கும் நாளில் அந்தப் பக்கம் போகத் துணிச்சல் வேண்டும். இனிப்புக்குப் பாஷா அல்வாவாலா கடையின் தம்ரோட்: மேலே பழுப்பேறி உள்ளே ரவையும் நெய்யுமாய் மணக்கும் துண்டு. இதை மட்டும் நாலாக வெட்டிக்கொள்ளலாம்.

இந்த ஏரியாவில் மூன்று காரணங்களுக்காகக் குழு பிரியாமல் இருக்கும். சைவக்காரரும் அசைவக்காரரும் பத்து நிமிட நடைக்குள் அவரவர் விருப்பப்படி சாப்பிடலாம். உட்கார இடம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்தால் மெரினா பக்கத்திலேயே இருக்கிறது, செரிக்க நடக்கலாம். பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு நண்பரைத் தொலைத்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு.

ரமலான் மாதத்தில் வந்தால் இந்த ஏரியா இன்னொரு ஊர். வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாகப் பரிமாறி வருகிறார்கள். இரவு வெகுநேரம் வரை கடைகள் விழித்திருக்கும்.

இங்கே செலவு நேரடியாகவே தெரியும். முழுச் சாப்பாடும் மீன் வறுவலும் என்றால் மற்ற இரண்டு பேட்டைகளைவிட ஆளுக்குக் கூடத்தான் ஆகும். வயிறும் இரண்டு கடையோடு நிறைந்துவிடும். நிறையக் கடைகளை ருசி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நிறையப் பேச ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் இடம். பத்து வருடம் கழித்துச் சந்திக்கும் கல்லூரி நண்பர்களைச் சௌகார்பேட்டைக்குக் கூட்டிப்போகாதீர்கள்; அங்கே ஹார்ன் சத்தத்தில் ஒரு வாக்கியம் முடியாது.

## நம்ம ஏரியா

வேளச்சேரியோ அம்பத்தூரோ பல்லாவரமோ, தெருமுனைக் கையேந்தி பவனும் பேக்கரி டீயும் சாயங்கால பஜ்ஜி வண்டியும் இல்லாத ஏரியா கிடையாது. பெயர் இல்லை, படம் போட்டால் லைக் விழாது. ஆனால் மாதா மாதம் சந்திக்கிற குழுவுக்கு இதுதான் தாங்கும். போக வர ஒன்றரை மணி நேரம் மிச்சம், ஆட்டோ செலவு பூஜ்யம். ஒரே இட்லிக்கடை அக்காவிடம் தொடர்ந்து போனால், "அக்கா, இன்னைக்கு ஆறு பேரு, ஏழரைக்கு வர்றோம்" என்று போனில் சொல்லி வைக்கலாம். அவரும் காரச் சட்னியைத் தனியாக எடுத்து வைப்பார். எந்தப் பெயர்பெற்ற கடையும் உங்களுக்காக இதைச் செய்யாது.

குறை என்ன என்றால், நாலாவது மாதம் யாராவது ஒருவர் "திரும்பவும் அதேயா?" என்பார். அப்போது மேலே சொன்ன மூன்றில் ஒன்றுக்குக் கிளம்புங்கள்.

## இரண்டைச் சேர்க்கலாமா

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கடற்கரை நிலையமும் ஒரே பறக்கும் ரயில் பாதையில்தான் இருக்கின்றன. பிற்பகல் டிபன் மயிலாப்பூரில், மாட வீதியில் ஒரு சுற்று, ரயிலேறித் திருவல்லிக்கேணி, மெரினாவில் நடை, இரவுச் சாப்பாடு. இது நன்றாகப் பொருந்தும். பசி அடங்காதவர்கள் திருவல்லிக்கேணியில் முழுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அதே ரயிலில் கடற்கரை வரை போய் அத்தோவோடு முடிக்கலாம். சௌகார்பேட்டையை மட்டும் எதோடும் சேர்க்காதீர்கள். வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு அங்கே போனால் ஜிலேபியைப் பார்க்க மட்டும்தான் முடியும்.

எங்கே போனாலும் கிளம்பும்போதே ஆளுக்கு 400 ரூபாய் ஒருத்தர் கணக்கில் போட்டுவிடுங்கள். அவர்தான் அன்றைய கஜானா. எல்லாக் கடையிலும் அவரே ஜிபே பண்ணட்டும், சில்லறையாக நூறு இருநூறு கையிலும் வைத்துக்கொள்ளட்டும். கடைக்குக் கடை "நான் குடுக்கிறேன்", "இல்ல நான் குடுக்கிறேன்" என்று கல்லாவை மறைத்து நின்றால், பின்னால் நிற்கிறவருக்கு இட்லி ஆறிப்போகும். மிச்சம் இருந்தால் தம்ரோட்டோ காபிப் பொடியோ வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். சௌகார்பேட்டை என்றால் மிச்சம் நிச்சயம் இருக்கும்.